மாஷிமாவின் சட்டியில் இறால் சௌமீன்

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி சந்தையில் மீன் வரிசைக்குள் நான் நுழைந்தால் இன்றும் யாராவது ஒருவர் எனக்கு வழி காட்டிவிடுவார். "காய்கறி அந்தப் பக்கம், தாதா." தாதா என்றால் இங்கே அண்ணன். அதில் கேலி இல்லை, உபசாரம்தான். என் நிறத்தையும் நான் ஹிந்தி பேசுகிற லட்சணத்தையும் வைத்து மத்ராசி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். மத்ராசி என்றால் இட்லி, தயிர்சாதம், மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற இனம். வந்த புதிதில் ஒருநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு ரோகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது, ஐஸில் இரண்டு நாளாவது கிடந்திருக்கும். மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம், "பாரு, மத்ராசி மீனுக்கு ஜாதகம் பாக்குறாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன் நான். எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்கு முன்னால் செவுளைப் படிக்கத் தெரிந்தவன். அதை எந்த மொழியில், யாரிடம் சொல்வது? எழுந்து அவர் காட்டிய பக்கம் போய், கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஊரில் இருக்கிற நண்பர்களும், என்னைப்போல் வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நண்பர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா கூடையைத் தலையில் ஏற்றினாள். விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த மீனைச் சுமந்துகொண்டு கரையிலிருந்து உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஏழு, எட்டு மைல் நடந்து, தெருத்தெருவாக விற்று, மத்தியானம் திரும்புவாள். விற்காமல் கிடந்த மீன்தான் எங்களுக்குக் குழம்பு. நான் போட்ட சட்டை, வாங்கிய நோட்டு, எழுதிய அரசுத் தேர்வுக்குக் கட்டிய தொகை எல்லாமே அந்தக் கூடையிலிருந்து வந்தவை. தேர்வில் தேறி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகி, தொண்ணூறுகளின் கடைசியில், ஊர்ப் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றுவதற்கு முன்னால், ஹவுராவில் வந்து இறங்கினேன். ஒரு வருடம் மெஸ்ஸில் ஓடியது. அதற்குள் ஊரில் மனைவி பூங்கொடி எட்டு மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள். மகளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், பிறந்த பதினோராவது நாளில்.

ஆகவே அன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: குடும்பத்தைக் கூட்டிவந்து வைக்க ஒரு வீடு. சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்துக்குத் தெற்கே, குளத்தை ஒட்டிய ஒரு பழைய மாடி வீட்டில் மேல் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாளை மாஷிமா என்று கூப்பிட வேண்டும். நம் ஊர்ச் சின்னம்மா மாதிரி. அறுபது வயதுக்குக் கிட்டே, எப்போதும் வெள்ளைச் சேலை கட்டுகிற, ஒல்லியான, நிமிர்ந்த மனுஷி. அவருடைய மகன் தபனை அண்ணன் முறைக்குத் தபன்தா என்பேன்; ஹவுராவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. தபன்தாவின் மனைவியை பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிட்டேன். குடும்பம் வருமென்று சொன்னதும் மாஷிமா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ரெண்டு மாசம் தனியா இரு. ஆளு எப்படின்னு பாக்கறேன். சரியா இருந்தா துர்கா பூஜை முடிஞ்சதும் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா." தேர்வு எழுதித் தேறியவனுக்கு இது இன்னொரு தேர்வு என்று எடுத்துக்கொண்டேன். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டேன். ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். ஊருக்குப் போன் போட்டு, பூஜைக்கு அடுத்த வாரம் கோரமண்டல் ரயிலில் டிக்கெட் எடுத்துவிடச் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக வர முடியாது என்பதால் அம்மாவும் கூட வருவதாக ஏற்பாடு.

மாஷிமாவைவிடத் தபன்தாதான் எனக்குப் பெரிய சோதனை. சாயங்காலம் நான் படியேறும்போது முற்றத்தில் லுங்கியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். "என்ன மத்ராசி, இன்னிக்கு இட்லியா, தோசையா?" என்பார். சோறு என்றால், "சோத்துல புளித்தண்ணியா?" என்பார். ஒருநாள் நானும் மீன் சாப்பிடுகிறவன்தான், மீனவர் குடும்பம் என்று எனக்குத் தெரிந்த வங்காளி மொழியில் சொன்னேன். அவர் பௌதியைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்ம தயிர்சாதம் மீன் பிடிக்குதாம். வலையிலயா, இட்லித் துணியிலயா?" என்றார். பௌதி முந்தானையில் வாயை மூடிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாடகைக்கு இருக்கிறவன் சிரிக்க வேண்டிய இடம் அது. ஆனால் மேலே போய் ஸ்டவ்வை வேண்டியதற்கும் அதிகமாகப் பம்ப் அடித்தேன்.

அன்றுதான் முடிவு செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்கே சமைத்துப் போட வேண்டும் என்று. என்ன சமைப்பது என்பதில் நிறைய யோசித்தேன். எங்கள் ஊர்க் குழம்பை வைத்தால் புளி என்று ஆரம்பித்துவிடுவார். அவர்களுடைய கடுகரைத்த கறியைச் செய்தால் அதில் குற்றம் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பிறவி உரிமை இருக்கிறது. சௌமீன் என்றால் அந்தத் தொல்லை இல்லை. சீனர்கள் எப்போதோ இந்த ஊருக்குக் கொண்டுவந்த நூடுல்ஸை வங்காளிகள் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் சௌமீன், பூஜைப் பந்தலுக்கு வெளியே சௌமீன், படகுத்துறையில் சௌமீன். இருந்தாலும் அது அவர்களுடைய அம்மா சமையல் இல்லை. என் அம்மா சமையலும் இல்லை. அங்கே யாரும் யாருக்கும் வாத்தியார் கிடையாது. அதில் இறாலை நிறையப் போட்டால் என் கை பேசும் என்று கணக்குப் போட்டேன்.

செய்முறையை ஹவுராப் படகுத்துறையில் தள்ளுவண்டி வைத்திருந்த ஒருவரிடம் பார்த்துப் பழகினேன். அவர் எதையும் சொல்லித் தரவில்லை. "வாங்கறதுன்னா வாங்கு, மறைச்சு நிக்காதே" என்பார். வாங்கித் தின்றபடியே நாலைந்து சாயங்காலம் நின்று பார்த்தேன். நூடுல்ஸை முக்கால் வேக்காட்டிலேயே வடித்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றி அலசி, எண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசறி, பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு போட்டால் களியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, சட்டி அகலமாக, கனமாக, புகை கிளம்பும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். அவர் சட்டியில் காய் விழுந்தால் தண்ணீர் விடாது, சீறும். இந்தச் சீறல் இல்லாவிட்டால் அது சௌமீன் இல்லை, வேகவைத்த சேமியா.

மகாளய அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மாஷிமா பக்கத்து வீட்டுப் பெண்களோடு காலையிலேயே காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தார். தபன்தாவிடமும் பௌதியிடமும் இன்று மத்தியானம் நான்தான் சமையல் என்று முதல்நாளே சொல்லிவிட்டேன். "அப்போ ஒரு வாய் முன்னாடியே தின்னுட்டு வரேன்" என்றார் தபன்தா. சந்தையில் அன்று யார் வழி காட்டினாலும் நான் நகரவில்லை. ஐஸ் படாத இறாலாகத் தேடி ஒரு கிலோ வாங்கினேன். மேலே கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து உரித்தேன். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகில் நகத்தால் ஒரு கீறு, கறுப்பு நரம்பு ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். எங்கள் ஊரில் இறால் கம்பெனியில் கூலிக்கு உரிக்கிற பெண்கள் பேசிக்கொண்டே கண்ணால் பார்க்காமல் செய்வார்கள். எனக்கு அந்த வேகம் வராது. ஆனாலும் விரல்கள் மறக்கவில்லை. கோஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் தீக்குச்சி கனத்துக்கு அரிந்தேன். சோயா சாஸ், பச்சைமிளகாய் சாஸ், வினிகர் மூன்று பாட்டிலையும் வரிசையாக வைத்தேன். அப்போதுதான் என்னிடமிருந்த அலுமினியச் சட்டியைப் பார்த்தேன். ஒருவருக்கு உப்புமா கிண்டுகிற சட்டி. மாஷிமாவுக்கு எடுத்துவைப்பதையும் சேர்த்து நான்கு பேருக்கான நூடுல்ஸ் அதில் புரளவே இடமிருக்காது.

கீழே போனேன். தபன்தா சிகரெட் வாங்கப் போயிருந்தார். பௌதி குளியலறையில். கதவுக்கு வெளியே நின்று, "பௌதி, ஒரு இருப்புச்சட்டி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றாள். பெரிய சமையலறையில் இருந்த சட்டியில் முந்தின நாள் மீன் வறுத்த எண்ணெய் கிடந்தது. திரும்பும்போது மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன இடத்தைக் கவனித்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர், கரியடுப்பு ஒன்று, மேலே ஆணியில் ஒரு இருப்புச்சட்டி. அகலமானது, அடி கனம், பல வருடம் எண்ணெய் ஏறிக் கறுத்து மினுங்கியது. துளி எச்சில் கறை இல்லை. பழைய சமையலறை, இப்போது புழங்காத இடம் என்று நினைத்தேன். வாரநாட்களில் மத்தியானம் நான் வீட்டில் இருந்ததில்லை. ஞாயிறுகளில் ஹவுராப் பக்கம் மெஸ்ஸுக்குப் போய்விடுவேன். அந்த அடுப்பு எரிந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் குப்பத்தில் சட்டி பானைக்கு வீடு கிடையாது. பெரிய மீன் விழுந்த வீட்டுக்கு நாலு வீட்டுச் சட்டி போகும், குழம்போடு திரும்பி வரும். சாம்பல் போட்டுத் துலக்கி மாட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

பம்ப் ஸ்டவ் அன்று நல்ல புத்தியோடு எரிந்தது. சட்டி காய்ந்து புகைந்ததும் எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டு, உடனே இறால். சாம்பல் நிறம் மாறி, ரோஜா நிறமாகி, வால் சுருண்டதும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். அதற்குமேல் விட்டால் ரப்பர். அதே எண்ணெயில் காய்கறி. அந்தச் சீறல் வந்தது. என்னுடைய அலுமினியச் சட்டியில் ஒரு நாளும் வராத சத்தம். நூடுல்ஸைக் கொட்டி, இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் போட்டு, சாஸை நடுவில் ஊற்றாமல் சட்டியின் ஓரம் வழியாக விட்டேன். அது இரும்பில் பட்டுக் கருகும்போதுதான் படகுத்துறை வாசனை வரும். கடைசியில் இறாலும் வெங்காயத்தாளும். வாசனை படி வழியாக இறங்கியிருக்க வேண்டும். கூப்பிடுவதற்கு முன்பே தபன்தா வாசலில் நின்றார்.

தரையில் செய்தித்தாளை விரித்து மூவரும் உட்கார்ந்தோம். சட்டியை அப்படியே நடுவில் வைத்தேன்; விளிம்புவரை நூடுல்ஸ் இருந்ததில் அது யாருடைய சட்டி என்று அவர்கள் பார்க்கவில்லை. தபன்தா முதலில் ஒரு இறாலை மட்டும் எடுத்துக் கடித்தார். பிறகு தட்டை நீட்டினார். முதல் தட்டு முடிந்தது, இரண்டாவது தட்டும் முடிந்தது. "இறாலை இந்தப் பக்குவத்துல எடுக்க எங்க பாட்டன் வீட்டு ஆளுங்களுக்குத்தான் வரும்" என்றார். அதைவிடப் பெரிய பட்டத்தை அவரால் கொடுக்க முடியாது. "பொண்டாட்டியும் இப்படிச் சமைப்பாளா?" என்று பௌதி கேட்டாள். "என்னைவிட நல்லா" என்றேன். "அப்போ சீக்கிரம் வரச் சொல்லு." அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு ஊர் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மாஷிமா கோயிலிலிருந்து வந்துவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. கீழே வெறும் ஆணியைப் பார்த்திருக்கிறார். மேலே ஏறி வந்துவிட்டார். கையில் பிரசாத இலை. வாசலில் நின்று, எங்கள் நடுவே இருந்த சட்டியையும், அதன் ஓரத்தில் ஒட்டிக் கிடந்த இறால் வாலையும் பார்த்தார். "அது என் சட்டி" என்றார். சத்தம்கூட உயரவில்லை. திரும்பி இறங்கிப் போனார். தபன்தா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "யார் எடுக்கச் சொன்னது?" பௌதியைப் பார்த்தேன். அவள் செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தாள். நான் கேட்டதையும் அவள் சொன்னதையும் பற்றி அன்றும் வாயைத் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை.

வங்காளத்தில் எல்லோரும் மீன் சாப்பிடுவார்கள் என்று நினைத்து வந்தவன் நான். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் விதவை என்று புரிந்திருந்தது. இங்கே பழைய வழக்கமுள்ள வீடுகளில் விதவை என்றால் மீன் இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை, தனி அடுப்பு, தனிச் சட்டி, ஒருவேளைப் பச்சரிசிச் சோறு என்பது எனக்குத் தெரியாது. மீன் பட்ட சட்டி அவர்களுக்குச் சட்டியே இல்லை. அன்று மாஷிமா அடுப்பு பற்றவைக்கவில்லை. கோயில் பிரசாதத்தோடு இரண்டு பிடி அவலை நனைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாராம்.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஹவுரா பஜாரில் அதே அளவில் புது இருப்புச்சட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மாஷிமா முன்னால் வைத்தேன். அவர் முகம் இறுகி இருக்குமென்று நினைத்தேன். அப்படியில்லை. "வேத்து ஊர்ப் பையன். தெரியாம செஞ்சுட்டே. இதை அங்க வை. கங்காஜலம் விட்டுப் பழக்கிக்கறேன்" என்றார். அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு நிம்மதியில் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு சட்டியில் இறால் பட்டதற்காக ஒரு வயதான பெண் பட்டினி கிடந்தது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எனக்கிருந்த உடைந்த வங்காளியில் சொன்னேன்: "எங்க ஊர்ல இப்படி இல்ல மாஷிமா. எங்கம்மாவும் உங்களை மாதிரிதான். அப்பா செத்து ரொம்ப வருஷம். அம்மா மீன் தின்னும். மீன் விக்கும். ஒண்ணும் ஆகாது."

மாஷிமா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை போதாது. முப்பது வருடம் தனக்குத் தானே மறுத்துக்கொண்டதை ஒருவன் வந்து, ஒண்ணும் ஆகாது என்கிறான். "என்னை மாதிரியா?" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "தபன், இந்தச் சட்டியை வெளியே வை. மாசக் கடைசிக்குள்ள மேலே காலி பண்ணச் சொல்லு. இது பெரிய மனுஷங்க இருந்த வீடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கழித்த மாதிரி ஒரு வாரம் யாருக்கும் வரக்கூடாது. நான் குழாயடிக்குப் போனால் பௌதி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். புதுச்சட்டி வாசலில் மழையில் கிடந்து துருவேறியது. நான் தாண்டித்தான் போக வேண்டும். முற்றத்தில் தபன்தாவின் கேலியும் மாறிவிட்டது. நண்பர்கள் வந்திருந்த ஒரு சாயங்காலம் நான் படியேறும்போது, "காத்து இந்தப் பக்கம் வருது, மீன்காரி மகன் வந்தாச்சு போல" என்றார். இரண்டு மாதம் நான் மீன் தெரியாதவன். இப்போது மீன் நாற்றம் பிடித்தவன். நடுவில் மனிதனாக இருந்தது அந்த ஒரே ஞாயிறு, அதிலும் இரண்டு தட்டு நேரம். அதைத் தின்ற வாய்தான் இதையும் சொல்கிறது என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

காளிகாட்டில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதி வீடு கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் காபி கொடுத்தார். "எந்த ஊரு தம்பி?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, கடற்கரைப் பக்கமா?" அதையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க சுத்த சைவம். நீங்க வெளியில சாப்பிடுறது உங்க இஷ்டம். ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது வீட்டுக்குள்ள வந்துரும்." நான் சமைக்கவே மாட்டேன் என்றேன். "நீங்க சமைக்க மாட்டீங்க. உங்க அம்மா வருவாங்கல்ல" என்றார். ஆயிரம் மைல் கடந்து வந்தாலும் எந்தத் தெருவில் பிறந்தான் என்று நம்மவர்களே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். வங்காளிக்கு என்னைத் தெரியாது, அதனால் கேலி செய்தான். இவருக்குத் தெரியும், அதனால்தான் கதவைச் சாத்தினார்.

அன்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து பூங்கொடியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். "பாப்பா எட்டு வச்சு நிக்குதுங்க. நீங்க வந்து தூக்குனா அழுவும்னு அத்தை சொல்றாங்க. அதான் உங்க போட்டோவ தெனம் காட்டுறேன்" என்றாள். "வீடு ரெடிதானே?" ரெடி என்றேன்.

சனிக்கிழமை தபன்தா தானாகவே மேலே வந்தார். கட்டிலில் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார். "பூஜைக்கு எங்க அக்கா குடும்பம் வருது. இந்தக் கதை அவங்க காதுக்குப் போகணுமா? நானும் அந்தச் சட்டியில தின்னவன். அம்மா கல்லு இல்ல. போய், வங்காளி சரியா வராம தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. உங்கம்மா மீனைத் தொட மாட்டாங்கன்னு சொல்லு. வேற யாரோ ஊர்க்காரியைச் சொன்னதா சொல்லிக்கோ. முடிஞ்சுபோச்சு." "அது பொய்" என்றேன். "உங்கம்மா இங்க வந்தா கேக்கப் போறாங்க?" என்றார். வரப்போவது அவருக்குத் தெரியாது.

ஒரு மணிநேரம் அறையில் நடந்தேன். பிறகு இறங்கிப் போய் மாஷிமாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். எங்கம்மா மீன் தொடுவதில்லை, விற்பதுமில்லை, மொழி தெரியாமல் உளறிவிட்டேன். அவ்வளவு நேரம் தடுமாறிய வங்காளி அப்போது தடங்கலே இல்லாமல் வந்தது. மாஷிமா நீண்ட மூச்சு விட்டார். என் தலையில் கைவைத்தார். "எனக்கு அப்பவே தோணிச்சு பாபா. இவ்வளவு படிச்ச பையனோட அம்மா அப்படிப்பட்டவளா இருக்க மாட்டா." நான் படித்ததே எதனால் என்று சொல்லக்கூடிய இடத்தை நானே அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பூஜை முடிந்த மறுவாரம் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அவள் இருக்கப்போகிற ஒரு மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முதல்நாள் மத்தியானமே மாஷிமா அம்மாவைக் கைபிடித்துப் படிக்கு அடியில் இருந்த தன் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அந்த இடத்துக்குள் தபன்தாகூடக் காலை வைப்பதில்லை. வெண்கலத் தட்டில் பச்சரிசிச் சோறு, வாழைப்பூ, பாசிப்பருப்பு. இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. ஆனாலும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். "நல்ல மனுஷிடா. கூடப் பொறந்தவ மாதிரி பாத்துப் பாத்துப் போடுது" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் பௌதி மீன் வறுத்து ஒரு கிண்ணத்தில் மேலே கொண்டுவந்தாள். எனக்கும் பூங்கொடிக்கும் இரண்டு துண்டு. அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, மரியாதையாக விலகிப் போய்விட்டாள். அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். "எனக்கு எங்கடா?" பூங்கொடி என்னைப் பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சௌமீனிலிருந்து. அம்மா கேட்டு முடித்துவிட்டுச் சேலை நுனியைச் சரிசெய்துகொண்டாள். "அப்போ வீட்டுக்காரிக்கு என் வாயத்தான் குடக்கூலியாக் குடுத்திருக்க" என்றாள். பூங்கொடி தன் துண்டை அவள் பக்கம் நகர்த்தியபோது, "வேணாம் புள்ள. சொன்ன சொல்லு சொன்னதாவே இருக்கட்டும்" என்று தள்ளிவிட்டாள்.

அதன்பிறகு அம்மா கொடுத்த தண்டனை எனக்கு மட்டும் தெரிந்த தண்டனை. கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகச் சாப்பிடச் சொன்னேன், கேட்கவில்லை. மாஷிமா வெங்காயம் சாப்பிடுவதில்லை என்று பார்த்துக்கொண்டு, மேலே பூங்கொடி வைத்த குழம்பில் வெங்காயம் கிடந்தால் அந்தக் குழம்பையும் தொடவில்லை. கணவன் செத்த நாளிலிருந்து ஒரு நாளும் விதவையாக உட்கார நேரமில்லாதவள், என் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். மாஷிமாவுக்கு அவள்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு மாதம் என்று வந்தவள், இரண்டாவது வாரமே, "யாராச்சும் ஊருக்குப் போறாங்களா பாரு" என்றாள். அலுவலகத்தில் ஒருவர் குடும்பம் சென்னைக்குப் போவதாக இருந்தது. அவர்களோடு அனுப்ப ஏற்பாடு செய்தேன்.

ரயிலுக்கு நேரமிருந்தது. ஹவுரா நிலையத்துக்கு வெளியே, படகுத்துறைப் பக்கம் போகிற வழியில் சோற்றுக் கடைகள். அம்மா பெட்டியை இறக்கச் சொல்லி ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன வேண்டும் என்று மொழி தெரியாமலே கையைக் காட்டினாள். கடுகு எண்ணெய் மிதக்கிற மீன் குழம்பு. வாழ்நாளில் அவள் தொடாத ஆற்றுமீன், நூல் நூலாக முள். மெதுவாக, ஒரு முள்ளையும் விடாமல் பிரித்து, என்னை எதிரில் உட்காரவைத்து முழுத் தட்டையும் சாப்பிட்டாள். "சேத்து வாடை அடிக்குது" என்றாள். பிறகு, "அந்தம்மா பாவம்டா. அவங்க வயசுக்கு அது அவங்க பட்டது. அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். நீ ஏன்டா என்னைய ஒளிச்ச?" என்று கேட்டாள். மகள் என்கூட இருக்கணும், என்னைப் பார்த்து அழாமல் இருக்கணும், அதற்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தவன், கடைக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன். அம்மா டம்ளர் தண்ணீரில் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு எழுந்தாள். ரயில் கிளம்பும்போது சன்னல் கம்பிகளுக்கு இடையே அதே கையை நீட்டி என் கன்னத்தைத் தடவிவிட்டாள். கோபம் போய்விட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

சாந்த்ராகாச்சிக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வெளியே போய் வந்தால் கைகால் கழுவிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். முற்றத்து அடிபம்பில் நின்றேன். என் மகள் படிக்கு அடியில் மாஷிமாவின் மடியில் உட்கார்ந்து அவர் வெள்ளைச் சேலையின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். "அம்மா நல்லபடியா ஏறினாங்களா?" என்று கேட்டார் மாஷிமா. ஏறினார்கள் என்றேன். "எவ்வளவு சுத்தமான மனுஷி. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தியைப் பாக்க முடியாது" என்றார். என் கன்னத்தில் கடுகு எண்ணெயும் மீனும் மணத்தன. பம்பை அடித்தேன். காலைக் கழுவினேன், முழங்கை வரை கையைக் கழுவினேன். தண்ணீர் முகத்தில் தெறித்துவிடாமல் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டேன்.